மூக்கையா பிறந்த ஊர்

12 நவம்பர் 2025, புதன். ஒரு சிறு தவறு. 'அப்பா பிறந்த ஊர்: சங்கரன்கோவில். ஆகவே தகுதி இல்லை' என்று நேற்றுப் பேனாவால் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, நானாக ஊகித்தது. பென்சிலால் எழுதியிருக்க வேண்டும்.

இந்த நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் முத்துமாரியின் பேனா மூடி இரண்டு தடவை கட்டிலுக்கடியில் உருண்டு போனது.

பகலில் அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாயங்காலம் சங்கரன்கோவில் ரதவீதியில் மருந்துக்கடை மாடியில் நடக்கும் ஜெர்மன் வகுப்பில் மாணவி. கூடச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர் விமானம் ஏறிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் விசா இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அவள் முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான், போன வாரம் ஆசிரியர் சலாவுதீன் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். 1961 டிசம்பர் வரை கோவா போர்ச்சுகல் வசம் இருந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்கள் போர்ச்சுகல் குடியுரிமை கோரலாம். அவர்கள் வழியாகப் பிள்ளைகளும் கோரலாம். போர்ச்சுகல் ஐரோப்பிய ஒன்றிய நாடு என்பதால், அது கிடைத்தால் ஜெர்மனிக்குப் போக விசாவே வேண்டாம்.

முத்துமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய தாத்தா இசக்கிப்பாண்டி அந்தக் காலத்தில் கோவாவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பாவோ 1960-ல் பிறந்தவர். ஆனால் ஆசை எழும்பிய வேகத்திலேயே அடங்கிவிட்டது. அப்பாதான் வீட்டுக்கு மூத்தவர். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதுதானே வழக்கம்? பாட்டியின் தாய்வீடு சங்கரன்கோவில். அப்பாவின் பள்ளிச் சான்றிதழிலும் அதே ஊர். நேற்று அடிக்கோடு போட்டது அப்படித்தான்.

இன்று வகுப்பில் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் பாடம். பக்கத்தில் திருவேங்கடம் ஊரிலிருந்து வரும் பொன்செல்வி.

"மைன் ஃபாட்டர் ஹைஸ்ட் மூக்கையா" என்றாள் முத்துமாரி.

பொன்செல்வி சிரித்துவிட்டாள். "ஏட்டி, உங்கப்பாவும் மூக்கையாவா? எங்க பெரியப்பா பேரும் அதான். மூத்ததுவ ரெண்டும் தங்கலன்னு, இவரையாவது காலன் கண்டுக்கிடக் கூடாதுன்னு மூக்கைக் குத்தி வச்ச பேரு. உங்கப்பா மூக்குலயும் தடம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் முத்துமாரி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூத்த பிள்ளைக்கு யாரும் மூக்குக் குத்துவதில்லை; அப்பாவுக்கு முன்னால் ஒன்று பிறந்து தவறியிருக்க வேண்டும்.

பாடம் முடியும்வரை அவள் உட்காரவில்லை. "தொண்டை சரியில்ல சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் படியிறங்கியவள், வீடு வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அப்பா அப்போதுதான் தீவனக் கடையை அடைத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி இப்படி மூச்சு வாங்குது? நாய் கீய் துரத்துச்சா?"

"யப்பா, உங்க மூக்கைக் காட்டுங்க."

"கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?"

வலது மூக்கில் தூர்ந்துபோன துளை, மிளகளவு தழும்பாக இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தழும்பு.

"உங்களுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சா?"

அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். "ஒண்ணு பிறந்து தவறிட்டுன்னு அம்மா சொல்லுவா. அதைப் போயி இப்ப எதுக்குக் கேக்க?"

"அது எங்க பிறந்துச்சு?"

"தலைப்பிரசவம் வேற எங்க? இங்கனதான்."

"அப்போ நீங்க?"

"சர்டிபிகேட்டுல இந்த ஊருதான் போட்டிருக்கு" என்றார் அப்பா. சான்றிதழில் ஊரை எழுதியது பள்ளிக்கூடத்து வாத்தியார். சேர்க்கக் கூட்டிப்போன அவருடைய அம்மாவழித் தாத்தா தன் ஊரைச் சொல்லியிருப்பார். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

மேலநீலிதநல்லூரில் இருக்கும் பிச்சம்மாளுக்கு, அவருடைய அத்தைக்கு, ஃபோன் போட்டார். முத்துமாரி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அத்தை, நான் எங்க பிறந்தேன்?"

"ஏலே மூக்கா, குடிச்சிருக்கியா?"

"இல்லத்தை. உம்பேத்திதான் கேக்கா, சொல்லு."

"கோவாவுலதாம்லே. பிச்சோலின்னு ஒரு ஊரு, ஒரே செம்மண்ணு. மூத்தது இங்கன தங்காமப் போச்சுல்லா? இனி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர மாட்டேன்னுட்டு உங்கம்மா அங்கயே உன்னைப் பெத்தா. மூக்குக் குத்தத்தான் கோமதியம்மன் சன்னதிக்குத் தூக்கிட்டு வந்தாவ. என் மடியிலதான் உன்னை வச்சிருந்தாவ. புதுச்சேலைலே, நனைச்சுப்புட்டே."

"அது எப்போ, ஆச்சி?" என்று முத்துமாரி குறுக்கே விழுந்தாள்.

"வருசம் யாருக்கு ஞாபகம்? கோவாவுக்குள்ள நம்ம பட்டாளம் போயிட்டுன்னு ரேடியோவுல சொல்லுதான், இவன் இங்கன கோழியை விரட்டிட்டுத் திரியுதான்."

முத்துமாரி அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். பட்டாளம் போனது 1961 டிசம்பர். அப்பா அதற்கு முன்னாலேயே பிறந்து, நடக்கவும் பழகிவிட்டார்!

விஷயத்தை விளக்கியதும் அப்பா முதலில் கேட்டது: "ஏட்டி, அப்போ என் ரேஷன் கார்டைப் பிடுங்கிருவானுவளா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் மறைக்காமல் சொன்னாள். முதலில் அவர் பெயர்தான் அங்கே பதிவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் அவள். இரண்டு நாட்டுக் குடியுரிமையை இந்தியா ஒப்புக்கொள்ளாது. சட்டம் தெரிந்தவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்பா மூக்குத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "பதிவு இருக்கான்னு முதல்ல பாரு மக்கா. இருந்துச்சுன்னா பெறவு பேசுவோம்."

அவர் முகத்திலும் ஒரு துள்ளல் இருந்தது. ரேடியோக் காலத்துப் பிள்ளை எங்கேயோ எழுந்து நடந்ததுபோல.

பதிவே இல்லாவிட்டால்? அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளி பிள்ளையின் பிறப்பைப் பதிந்திருப்பாரா? வழக்கம்போல் சந்தேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இந்த முறை அதைத் துரத்தாமல், நேற்றைய வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, பென்சிலை எடுத்தாள்.

நாளை: காலையில் பிச்சோலிம் (ஆச்சி சொன்ன பிச்சோலி) பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய வேண்டும். மூக்கையா என்று கேட்கக் கூடாது. மூக்குக் குத்தும் முன் அந்தப் பெயரே இல்லை. தகப்பன் பெயர் இசக்கிப்பாண்டி என்று சொல்லி, 1959-லும் 1960-லும் தேடச் சொல்ல வேண்டும்.