அப்பாவுக்கு நாய் பிடிக்காது

படிவத்தில் 'வேண்டாம்' என்பதற்கு நேராக டிக் செய்து பிரதாப் அனுப்பிவிட்டான். மத்திகிரி பக்கம் இருந்த முதியோர் இல்லத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படிவம் அது. மறதி நோய் உள்ளவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் பயிற்சி பெற்ற நாய் ஒன்றைக் கூட்டி வரப்போகிறார்களாம். உங்கள் பெற்றோர் அதோடு பழகச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். காரணம் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். 'அப்பாவுக்கு நாய் பிடிக்காது' என்று எழுதினான்.

அது உண்மைதான். அழகர்சாமி உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். தெருவில் நாய் எதிரே வந்தாலே குனிந்து கல்லெடுப்பார். பிரதாப் ஏழாவது படிக்கும்போது ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் அப்பா வேலைக்குப் போகும் வழியில் அதை எடுத்துப் போய் எங்கேயோ விட்டுவிட்டார். பிரதாப் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. இல்லத்தில் சேர்த்துப் பத்து மாதம் ஆகிறது. காலையில் அமைதியாக இருப்பார். மதியம் ஒரு மணி நெருங்கினால் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார். வேலை பார்த்த காலத்தில் இரண்டாம் ஷிப்ட் பஸ் வரும் நேரம் அது. பூட்டிய கேட்டை உலுக்குவார், தடுக்க வருபவர்களை வைவார். ஒருமுறை பணியாளர் முனிராஜின் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவரைப் பேசிப் பேசி உள்ளே அழைத்து வருவது பெரும்பாலும் பொற்கொடியின் வேலை. அவள் ஊத்தங்கரைக்காரி, அங்கே நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவள்.

நாய் வந்துபோன மறுநாள் அவள்தான் பிரதாப்புக்குப் போன் செய்தாள்.

"சார், நேத்து ஒரு விஷயம் நடந்துபோச்சுங்க. கோவப்படாம கேளுங்க."

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆவலீங்க. நீங்க வேணாம்னு எழுதியிருந்தீங்க இல்ல, அதனால அவரை ரூம்லயேதான் வெச்சிருந்தோம். ஒரு மணிக்கு அவரா எழுந்து கேட்டுக்குக் கெளம்பிட்டாரு. போற வழியில ஹால்ல நாய் படுத்திருந்துச்சு. பாத்ததும் நின்னுட்டாருங்க. அப்புறம் கேட்டுக்கே போவல."

"அதை அடிச்சாரா?"

"இல்லீங்க. பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் பேசிட்டிருந்தாரு."

பிரதாப் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு நேரில் போனான்.

ஹாலில் நீளமான மர பெஞ்சில் அழகர்சாமி உட்கார்ந்திருந்தார். காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டுப் பெட்டை நாய். கயிற்றைப் பிடித்திருந்த பெண் ஸ்வாதி, ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறவள். ஜூஜூவாடி செக்போஸ்ட் அருகே குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்து, ராகி என்று பெயர் வைத்து, பயிற்சியும் கொடுத்திருந்தாள்.

"வாத்தா, இங்கிட்டு வா," என்றார் அழகர்சாமி நாயிடம். "சாப்டியா? என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

அந்தக் குரலைப் பிரதாப் கேட்டதே இல்லை. "நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்தேனே?" என்று ஸ்வாதியிடம் சீறினான்.

"நீங்க சொன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன் சார்," என்று அவள் எழுந்தாள்.

பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "மணி ஒண்ணு பத்துங்க சார். கேட்டுல யாரும் இல்ல, பாருங்க."

"அவருக்கு நாய்னாலே ஆகாதுங்க. உங்களுக்குத் தெரியாது."

"ஆகாதுங்கறதையும் மறந்துட்டாரோ என்னவோ," என்றாள் அவள், சாதாரணமாக.

அழகர்சாமி நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "தம்பி, ஒங்க நாயா?"

பிரதாப் தயங்கினான். "ஆமா."

"நல்லா வச்சிருக்கீக. என் மகனுக்கும் நாய்னா உசுரு. ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். நாங்க இருந்தது லைன் வீடு. நாய் இருந்தா சாமானை எடுத்து வெளிய வைன்னுட்டா வீட்டுக்காரம்மா."

"அதை மகன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவகிட்டச் சண்டைக்குப் போவான், கோவக்காரப் பய. எனக்குப் பிடிக்கலைன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அந்தக் குட்டியை என்ன பண்ணீங்க?"

அழகர்சாமியின் நெற்றி சுருங்கியது. "எந்தக் குட்டி?" என்று கேட்டுவிட்டு நாயின் காதைத் தடவ ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் பிரதாப் காவேரிப்பட்டினத்தில் இருக்கும் அக்கா ஜோதிமணிக்குப் போன் செய்தான்.

"வீட்டுக்காரம்மா சத்தம் போட்டது ஞாபகம் இருக்குடா," என்றாள் அவள். "ஆனா நாய்க்காகவா, தண்ணிக்காகவான்னு தெரியல. அந்தம்மா எதுக்குத்தான் கத்தல? அப்பாவுக்கு நாய்னா பயம்ங்கறதும் நெஜம்தான். சின்ன வயசுல கடி வாங்கினவரு. கெண்டைக்கால்ல தழும்பு இருக்கும், நீ பாத்ததில்லையா?"

அவன் பார்த்ததில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளான அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. போனை வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்ப் புதுப் படிவம் கேட்டு வாங்கி, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டான்.

பொற்கொடி, சனிக்கிழமைகளில் பன்னிரண்டே முக்காலுக்கே வந்துவிடும்படி ஸ்வாதியிடம் சொல்லிவைத்தாள். மற்ற நாட்களில் அழகர்சாமி வழக்கம்போல் கேட்டை உலுக்கினார். சனிக்கிழமை மட்டும் உலுக்கவில்லை. அந்த ஒரு நாளே பெரிய உபகாரம் என்றான் முனிராஜ்.

பிரதாப்பும் வாரம் தவறாமல் வந்தான். தொழிற்சாலைக் கதைகள், கேன்டீன் சாப்பாடு, யாரோ ஒரு சூப்பர்வைசரின் அட்டகாசம் என்று அப்பா நாயிடம் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டான். குட்டியின் கதையை மட்டும் அவர் மறுபடி எடுக்கவே இல்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அப்பா, நான்தான் பிரதாப்," என்றான். அவர் முகம் வெளிறிப்போனது. "பிரதாப் ஸ்கூலுக்குப் போயிருக்கான். நீங்க யாரு?" என்று எழுந்து, நாயையும் விட்டுவிட்டு கேட்டுக்கு நடந்தார். அன்று அவரை உள்ளே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு பிரதாப் தன் பெயரைச் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஸ்வாதிக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. கடைசி சனிக்கிழமை அவள் கிளம்பும்போது பிரதாப் கார் வரை கூடப் போனான். இத்தனை வாரத்தில் அவன் ராகியைத் தொட்டதே இல்லை. கதவைச் சாத்தும் முன் குனிந்து அதன் தலையில் கை வைத்தான். அது கண்ணை மூடிக்கொண்டது.

"அவரு தேடுவாருங்களா?" என்று ஸ்வாதி கேட்டாள்.

"தெரியலங்க," என்றான்.

இரண்டு வாரம் நாய் வரவில்லை. இரண்டு சனிக்கிழமையும் கேட்டில் ரகளை. மூன்றாவது வாரம், பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அன்புமணி ஒரு நாயோடு வந்தார். கறுப்பு லேப்ரடார், ஆண், கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. அப்பா மிரண்டுவிடுவாரோ என்று பிரதாப் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

அழகர்சாமி அவனை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். "வாத்தா, இங்கிட்டு வா."

பொற்கொடி சிரித்துவிட்டாள். "அது பையன்ங்க ஐயா."

அவர் காதில் வாங்கவில்லை. சாப்பிட்டாயா என்று விசாரித்தார், மெலிந்துவிட்டாய் என்றார். நாய் தன் கனத்த தலையை அவர் முழங்காலில் சாய்த்தது. ராகி இல்லை என்பது அந்த ஹாலில் பிரதாப் ஒருவனுக்குத்தான் உறைத்தது.

"எம்புட்டு நேரம் நிப்பீக? உக்காருங்க," என்று அழகர்சாமி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பிரதாப் உட்கார்ந்தான்.

ஒன்றரை மணிக்கு அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். அன்புமணி நாயைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறையில் இருக்கும் சரோஜம்மாளிடம் போனார். அப்பா விழிக்கும்வரை பிரதாப் அங்கேயே இருந்தான்.