அறிவுச்செல்வி பார்த்த முதுகுகள்

அறிவுச்செல்விக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது ரயில்வே வேலை. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அலுவலகத்தின் பக்கம் எப்போதாவதுதான் வருவாள். தொடைத் தசை கிழிந்து ஓட்டத்தை விட்ட பிறகுதான் திண்டுக்கல் ஜங்ஷனுக்கு அவள் முகம் பழகியது. முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நூறு மீட்டரில் ஆசியாவுக்கே முதலாவதாக வந்தவள் என்று செய்தித்தாளில் படம் வந்த பெண் அல்லவா?

"ஆசியாவையே முந்துனவுக, ஒரு தட்கல் டிக்கெட்டுக்கு இம்புட்டு நேரமா?" என்பார்கள்.

"நான் வேகந்தாண்ணே. சர்வர்தான் ஸ்லோ" என்பாள்.

வீட்டில் சர்வர் கிடையாது, அதனால் அங்கே அவளைத் தடுக்க ஆளில்லை. ரசம் நுரை கட்டுவதற்குள் இறக்கிவிடுவாள். கணவன் கமலக்கண்ணன் முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது அவள் தன் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள். அவன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். அவனுக்காகத் தினமும் ஹார்ன் அடித்தே மில் பஸ் டிரைவருக்குக் கை வலி கண்டுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அவன் தாமதம்தான். வந்தவன் பஜ்ஜியை ஆற வைத்து, மிளகாயைத் தனியே எடுத்து ஓரமாக வைத்து, மெதுவாகச் சாப்பிட்டான். ஒரு மனிதன் இவ்வளவு நிதானமாக இருக்க முடியுமா என்ற ஆச்சரியத்திலேயே அவள் சம்மதம் சொல்லிவிட்டாள்.

தைப்பூசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் அவன் மில் நண்பர்களோடு பழனிக்கு நடப்பான். இந்த வருஷம் அவள் தானும் மாலை போட்டுக்கொண்டாள்.

"நடக்கணும், அறிவு. ரொம்ப தூரம்."

"யாருகிட்டச் சொல்றீங்க?"

"உங்கிட்டதான். நீ ஜெயிச்ச தூரம் நம்ம வீட்டுல இருந்து பால் பூத்து வரைக்கும்."

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

கிளம்பும் நாளில் பைகளையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிக்கொள்ள ஆண்டனிராஜ் டெம்போவோடு வந்தார். கமலக்கண்ணனின் மில்லில்தான் அவரும் வேலை. ஆவணியில் அவர் வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது கமலக்கண்ணன் தண்ணீர் வண்டி ஓட்டுவான், தையில் இவர் ஓட்டுவார். செய்த மொய்யைத் திருப்பிச் செய்வது போல என்பார்.

"முன்சீட்ட மட்டும் காலியா வச்சிருக்கேன், தங்கச்சி."

"யாருக்குண்ணே?"

"யாருக்காச்சும் வேணும்ல."

பொழுது புலரும் நேரத்தில் நடக்கத் தொடங்கினார்கள். அவள் காலில் வெளிநாட்டு ஷூ. அவன் வெறுங்கால், பச்சை வேட்டி, அதற்கு மேல் சரிந்த தொந்தி. கொஞ்ச தூரத்திலேயே அவள் முன்னால் போய்விட்டாள். ஒரு புளியமரத்தடியில் நின்று பார்த்தாள். அவன் வேர்க்கடலை கொறித்தபடி, யாரிடமோ டிரான்ஸ்பார்மரைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தான். மறுபடியும் முன்னால் போனாள், மறுபடியும் காத்திருந்தாள். வழியில் இரண்டு மூன்று பேர் அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கமலக்கண்ணன் வந்து சேர்ந்ததும், "செத்த வேகமா நடந்தா என்னங்க? முருகன் கோயிலச் சாத்திட்டுப் போயிறப் போறாரு" என்றாள்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நூறு மீட்டருக்காகவே வளர்த்த கால்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் அவற்றுக்குத் தெரியும். அவள் ஷூவின் கயிற்றைத் தளர்த்தினாள், பிறகு இறுக்கினாள். இரண்டும் பயன்படவில்லை.

அப்போதுதான் ஆட்கள் அவளைத் தாண்டிப் போகத் தொடங்கினார்கள். பால்குடம் சுமந்த ஒருவர் போனார். தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண் போனாள். போனில் யாரையோ திட்டிக்கொண்டே ஒருவர் போனார். ஓடிய காலத்தில் அவளுக்கு முன்னால் வெறும் தடம்தான் இருக்கும். மற்றவர்களின் முதுகை அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்கு விதவிதமாகப் பார்த்தாள், வேர்வையில் நனைந்தது, திருநீறு பூசியது, பின்னால் வேல் படம் அச்சடித்த பனியன் போட்டது. கடைசியில் பழக்கமான ஒரு முதுகும் வந்தது. கமலக்கண்ணன் பேச்சு சுவாரசியத்தில் மனைவியைத் தாண்டிப் போய்விட்டு, எதையோ விட்டுவிட்டு வந்தவன் போலத் திரும்பிப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க, நான் பின்னாடி வாரேன்."

"இந்த வார்த்தைய உன் வாயால கேக்க நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ."

முறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது, கேரளாவுக்கு முருங்கைக்காய் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில் அப்படியே சரிந்தாள். கடைக்கார அம்மாள் வந்து பார்த்தாள். "ஏனுங்க, மொதல்ல ஷூவக் கழட்டுங்க. காலு எப்படி வீங்கியிருக்குது பாருங்க." கழற்றினால் இரண்டு பாதமும் கொப்புளம். ஆண்டனிராஜ் டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தினார். கேலி எதுவும் பேசாமல் முன்சீட்டைத் துண்டால் துடைத்தார்.

அவள் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிக்கோ, அறிவு" என்றான் திரும்பி வந்த கமலக்கண்ணன். "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

"கடைசிப் பந்தயத்துல பாதியில விழுந்தேன்ல. ஸ்ட்ரெச்சர்ல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. கோடு கண்ணு முன்னாடி தெரியுது, என்னால போக முடியல." கழற்றிய ஷூவைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "இன்னொரு தடவ என்னையத் தூக்கிட்டுப் போகக் கூடாதுங்க."

கமலக்கண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "யாரு தூக்கப் போறா? இந்தத் தொந்திய வச்சுக்கிட்டு என்னால முடியுமா?" என்றான்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆண்டனிராஜ் சாம்பார் வாளியைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார். "சரி, இவரு உக்காரட்டும். பின்னாடி வச்சா சிந்துறாரு."

அன்று அங்கே ஒரு மண்டபத்தில் தங்கினார்கள். கடைக்கார அம்மாள் கொடுத்தனுப்பிய எண்ணெயைக் கமலக்கண்ணன் அவள் காலில் தேய்த்துவிட்டான். அவன் எதைச் செய்தாலும் மெதுவாகத்தானே செய்வான். பாதி தேய்ப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் டெம்போவில் அவன் பையிலிருந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் அவன் பக்கத்திலேயே நடந்தாள்.

"எப்படிங்க இம்புட்டு தூரம் அலுக்காம நடக்குறீங்க?"

"அடுத்த பந்தல்ல சோத்துக்கு என்ன வெஞ்சனம் வைப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே நடப்பேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். நீ நெனச்சுப் பாரேன்."

அவள் பீன்ஸ் பொரியலை நினைத்தாள். பந்தலில் பூசணிக்காய்க் கூட்டு வைத்தார்கள். அதற்கடுத்த பந்தலில் வாழைக்காய் இருக்கும் என்று கமலக்கண்ணன் சொன்னான், இருந்தது. கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் சாயங்காலம் மலை கண்ணில் பட்டபோது, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமா என்று அவளுக்கே தோன்றியது.

படி ஏற முடியாது என்று கால்கள் கறாராகச் சொல்லிவிட்டதால் அடிவாரத்தில், மலைமேல் இழுத்துச் செல்லும் விஞ்ச் வண்டிக்கான வரிசையில் நின்றார்கள். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நீங்க அறிவுச்செல்விதானுங்க? நானும் காலேஜுல நூறு மீட்டர்தானுங்க்கா." அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "திண்டுக்கல்லுல இருந்து எவ்வளவு நேரத்துல வந்தீங்க?"

"நேத்து விடியக் கெளம்புனது" என்றான் கமலக்கண்ணன், அறிவுச்செல்வி வாயைத் திறப்பதற்குள்.

அந்தப் பெண் ஏதோ கணக்குப் போட்டாள். "எங்க பெரியம்மா நேத்து மத்தியானந்தானுங்க திண்டுக்கல்லுல கெளம்புனாங்க. அப்பவே படியேறிப் போயிட்டாங்க."

"உங்க பெரியம்மா பெரிய ஆளுதான்" என்றாள் அறிவுச்செல்வி. "நான் கேட்டேன்னு சொல்லு."

"ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?"

"எடுக்கலாம். நின்னா விழுந்துருவேன், நீயும் கீழ உக்காரு."

இருவரும் வரிசையிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். கமலக்கண்ணன் போனை வாங்கிக்கொண்டான். லென்ஸை வேட்டி முனையால் துடைத்தான். வெளிச்சம் சரியில்லை என்று இந்தப் பக்கம் வந்தான், தலை வெட்டுகிறது என்று அந்தப் பக்கம் போனான். அவன் எடுத்து முடிப்பதற்குள் வரிசை நகர்ந்து முன்னால் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. "எந்திரிச்சு நகருங்கப்பா, ஆமை மாதிரி" என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

அறிவுச்செல்வி கணவனின் கையைப் பிடித்து, அவசரப்படாமல் எழுந்தாள்.