வெள்ளச்சியின் வலது சிறகு

புருஷன் தேவசகாயம் வாலாஜாபாத் அரிசி மில்லுக்குக் கிளம்பிய பிறகு, வடிவு கூடையைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிட்டாள். வெள்ளைக் கோழி வெள்ளச்சியின் வலது சிறகைப் பார்த்ததும் குனிந்து பிடித்தாள். முந்தின சாயங்காலம் இருட்டில் அடைத்தபோது கண்ணில் படாதது, இப்போது ரோஜா நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. பட்டு நூலுக்கு ஏற்றுகிற சாயம். ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

கோழிகள் கலந்துவிடாமல் இருக்கச் சிறகில் கலர் பூசுவது அந்தத் தெருவின் வழக்கம். யார் கலரோ அவர் கோழி. வடிவும் கடைசி வீட்டு வீராசாமியும் மட்டும் பூசியதில்லை. தன் ஏழு கோழிகளின் முகமும் தனக்குத் தெரியும் என்பாள் வடிவு. இந்தச் சாயம் பக்கத்து வீட்டுக் காந்தாவுடையது. அவள் புருஷன் ராஜவேலுவுக்குச் சாயப்பட்டறை. ஆனால் காந்தாவிடம் கோழியே கிடையாது, கீரைப் பாத்தியும் கத்தரிச் செடியும்தான்.

கோழி இல்லாதவளுக்குக் கலர் எதற்கு?

ஒரு வாரமாகவே அவள் வேலிக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாளே, எண்ணத்தான் பார்த்தாளா? மாசியில் மகள் பெரியநாயகி பிரசவத்துக்கு வருகிறாள். பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கத்தான் வடிவு இந்தக் கோழிகளை வளர்த்தாள். அதில் ஒன்றையும் விடுவதாக இல்லை. வெள்ளச்சியை மடியில் இடுக்கி, சாயம் பட்ட இறகுகளை ஒட்ட வெட்டி அடுப்பில் போட்டாள்.

நாலாம் நாள் காந்தா ஒரு கட்டு முளைக்கீரையுடன் வேலியருகே வந்தாள்.

"கோச்சிக்காத வடிவு, உம்மேல சந்தேகப்பட்டுட்டேன். அன்னிக்கு ஒரு வெள்ளைக் கோழி பாத்தியைக் கிளறிக்கினு இருந்தது. உன்னுதா, கடைசி வூட்டு வீராசாமியோடதா, தெரியல. புடிச்சி ரெக்கையில கலர் பூசி உட்டேன். உன்னுது வெள்ளையாத்தான் இருக்குது. அப்ப வீராசாமியோடதுதான். ஆதிகேசவன் கிட்ட சொல்லிட்டு வரேன்."

மூன்று வீட்டுக்கும் சொந்தக்காரர் ஆதிகேசவன். எந்த வீட்டுக் கோழி பாத்தியைக் கிளறுகிறதோ, அந்த வீட்டில் இனிக் கோழியே கூடாது என்று போன வாரம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "என் கோழிங்க வேலி தாண்டாது" என்று கர்த்தர் மேல் சத்தியம் செய்தவள் வடிவு.

வெள்ளச்சி வேலிக்குக் கீழே எம்பி எம்பி விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான். முன்பு தாண்டிப் பழகியது, இறகு வெட்டியதால்தான் இப்போது முடியவில்லை என்று வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழும் தப்பும். வீராசாமி வீட்டுக் கூடைதான் காலியாகும்.

"யக்கா, போவாதே. இதான் அது. கலர் பட்ட இறகை நான்தான் வெட்டி எரிச்சேன்."

"எரிச்சியா? எதுக்கு?"

"நீ கலர் வெச்சி உன்னுதுன்னு புடிச்சிக்கினு பூடுவியோன்னு..."

"அடிப்பாவி! கீரை மட்டும் தின்னுறவ நான், கோழியத் திருடுவனா?"

"தப்புதான். ஆனா பாரு, வெட்டினதுலேருந்து அதால தாண்ட முடியல. மீதிக் கோழிங்களுக்கும் வெட்டிடறேன். ஆதிகேசவன் கிட்ட மட்டும் சொல்லாதக்கா, பொண்ணு வரா."

 காந்தா கீரைக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தாள்.

"கத்தரிக்கோலக் குடு. நீ புடி, நான் வெட்டறேன்."

வெள்ளச்சியைத் தவிர ஐந்துக்கு ஒரு பக்கச் சிறகு குறைந்தது. காந்தா விரல் விட்டு எண்ணினாள்.

"ஏழுன்னு சொன்னியே. இன்னொண்ணு எங்க?"

"அடையில உக்காந்துகினு இருக்குதுக்கா."

"தூக்கிக் காட்டு."