இறங்க மறுத்த மெங்கியா

பனிமலைக் கிராமமான வால்தெர்னாவில் 1934ஆம் ஆண்டின் பனிச்சறுக்குத் தாவல் போட்டி பதினோரு குளிர்காலம் நடந்தது. கடைசியாகத் தாவிய மெங்கியா கீழே இறங்காததுதான் காரணம்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பால் கறக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சறுக்குக் கட்டையும் கையுமாகத் திரிந்தவள்; ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்துப் பதிவேட்டில் தன் பேர் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஊர் வைத்தியரோ, தரையில் வந்து இறங்கும் அதிர்ச்சியைப் பெண்ணுடம்பு தாங்காது என்று எழுதியே கொடுத்து, பெண்கள் தாவத் தடை வாங்கிவிட்டார். அவர் படிக்கட்டைத் தவிர வேறெதிலிருந்தும் இறங்கியறியாதவர். சங்கத் தலைவர் கௌதென்ஸ், இறைச்சிக்கடைக்காரர், மெங்கியாவுக்குச் சித்தப்பா. அந்த வருஷம் முதலிடத்தில் நின்றவரும் அவரே. அவர் துணி மூடிய வெற்றிக் கோப்பையை நோக்கி நடக்கும்போது மெங்கியா சறுக்கு மேடையேறித் தாவினாள். தாவியவள் தேவாலயக் கோபுர உயரத்தில் அப்படியே நின்றுகொண்டாள்.

"இறங்குடி கீழ! குடும்ப மானத்த வாங்காத!"

"தரையில இறங்கினாத்தானே உடம்புக்கு ஆகாது சித்தப்பா? நான்தான் இறங்கவே இல்லியே! வைத்தியர் பேச்ச தட்டுவேனா?"

மேடையை விட்டுக் கிளம்பிய கடைசி ஆள் தரையைத் தொடும்வரை கோப்பையின் துணியை விலக்கக் கூடாது, அடுத்த போட்டியும் வைக்கக் கூடாது என்பது ஊர் விதி. அந்த ஆள் ஆணாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆகவே நீளம் அளப்பவர்கள் முறைவைத்துச் சரிவில் காத்திருந்தார்கள். நீளக் கழியில் கட்டிய வைக்கோல் அள்ளும் கவையில் பார்லி சூப் வாளி மேலே போனது. புல்லறுப்புக் காலத்தில் மழை வருமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். போர் வந்தது, வழிதவறிய விமானமொன்று மரியாதையாக அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ஆறாம் வருஷம், அவள் தாவலை 'பெயர் தெரியாத ஆண்' என்று பதிந்துகொள்வதாகச் சங்கம் சமாதானம் பேசியது. அன்றைக்குத்தான் மெங்கியாவுக்குத் தாங்கமுடியாத அழுகை வந்தது. சங்கக் கட்டடத்தின் மேல் மட்டும் ஆலங்கட்டி விழுந்து ஓடுகள் உடைந்தன.

கௌதென்ஸுக்கு மூட்டுவலி கண்டது. சாவதற்குள் ஒருமுறையாவது கோப்பையைத் தூக்கிவிடும் ஆசையில், பெண்களும் தாவலாம் என்ற தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். கையெழுத்தானதும் பதிவேட்டைக் கவையில் குத்திக் காட்டினார்கள். மெங்கியா தன் முழுப் பேரையும் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு ஒரு முழங்காலை மடித்து அழகாக வந்து இறங்கினாள். அளந்தார்கள்: சித்தப்பாவைவிட நான்கு மீட்டர் அதிகம்.

கௌதென்ஸ் கோப்பையின் துணியை விலக்கினார். கோப்பையை அவள் கையில் திணித்தார்.

"மொதல்ல வீட்டுக்குப் போய்க் குளி" என்றார்.

அடுத்த குளிர்காலத்திலிருந்து வால்தெர்னாவில் பெண்கள் தாவுகிறார்கள். பெரும்பாலானோர் அன்றைக்கே இறங்கிவிடுகிறார்கள்.