யூட்டாவின் மோதிரம்

இளவரசன் புருனோவுக்குச் சாவு மணி அடித்தபோது நான் அழவில்லை. பாவம், பச்சைப் பிள்ளைதான். ஆனால் என் கவலை வேறு. அவனுக்கு நிச்சயித்து, நாளைய ராணியென்று இந்த ஹார்ஸ் மலைக் கோட்டையிலேயே வளர்த்துவந்த என் யூட்டாவின் கதி என்ன? எட்டு வயசு அவளுக்கு. பவேரியாவிலிருந்து அவள் தாதியான நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நிச்சய மோதிரம் விரலில் இருக்கும்வரை பெண் இந்த வீட்டுச் சொத்து. மாப்பிள்ளை செத்தால் இன்னொரு மாப்பிள்ளை. மன்னரின் தம்பி எக்பர்ட், கட்டையில் போகிறவன், இரண்டு மனைவிகளைப் புதைத்துவிட்டுச் சும்மா நிற்கிறான். பிணத்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள், பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டான்.

கதவைச் சாத்தினேன். வாத்துக் கொழுப்பைத் தடவி மோதிரத்தை இழுத்தேன். போட்டு வருஷங்களாகி, விரல் தடித்துவிட்டது.

"வலிக்குது கெர்லிண்ட்! விடு!"

"கத்தாதடி தங்கம். இது கழண்டாத்தான் அம்மாகிட்ட போக முடியும்."

கதவு திறந்தது. ராணி ஹெம்மா! செத்துக் கிடப்பவனின் தாய். கையில் சவத்துணி தைக்கும் ஊசியும் பட்டு நூலும். யூட்டாவின் கையை விட்டுவிட்டு எழுந்தேன்.

"ராணியம்மா... மன்னிச்சிடுங்க..."

"கூறுகெட்டவளே, இப்படி இழுத்தா விரல்தான் வரும். தள்ளு."

அவரும் யூட்டாவைப் போலச் சின்னப் பெண்ணாக இங்கே வந்தவர்தான். நிச்சயித்த மூத்தவன் செத்ததும் அவன் தம்பிக்கு, இப்போதைய மன்னருக்கு, கைமாற்றிவிட்டார்கள்.

நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதி நூலை மோதிரத்துக்கு மேலே விரலில் இறுக்கிச் சுற்றினார். அடியில் நுழைத்த நுனியை இழுத்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் ஊர்ந்து வந்தது. படியில் பூட்ஸ் சத்தம். கடைசிச் சுற்று பிரிவதற்கும் எக்பர்ட் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

"அண்ணி, பொண்ணு கையில மோதிரத்தைக் காணோமே?"

"எம் பையன் கையில போட்டுட்டேன். அவனோடயே மண்ணுக்குள்ள போகட்டும். வேணும்னா நீங்களே போய் உருவிக்கோங்க, கொழுந்தனாரே."

மோதிரம் அவருடைய மூடிய கைக்குள்தான் இருந்தது. கையைத் திறக்கச் சொன்னால்?

பிணத்திடமிருந்து திருடுகிறவன் வம்சம் விளங்காது என்று இங்கே பெரிய வீரனுக்கும் பயம். எக்பர்ட் சிலுவை போட்டுக்கொண்டான். ராணியின் முகத்தையே முறைத்துப் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.

"பின்வாசல்ல வண்டி நிக்குது" என்றார் ராணி. "பூசை முடியறதுக்குள்ள மலையிறங்கிடுங்க."

யூட்டா அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வாங்கத்தே."

ராணி தன் கையைக் காட்டினார். சதைக்குள் புதைந்து கிடந்தது அவருடைய மோதிரம்.

"என்னோடது கழறாதுடி கண்ணு."

யூட்டா கொழுப்புக் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். மகன் செத்ததிலிருந்து கண் கலங்காத ராணி அப்போதுதான் அழுதார்.