காத்தாயிக்கு எடுத்த கோடிச் சேலை

பள்ளிவாசலில் மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ராக்கப்பன் மொஹிதீனின் துணிக்கடைக்குள் வந்து, மச்சான் இறந்துவிட்டதையும் மறுநாள் கருமாதி என்பதையும் சொன்னான். தங்கச்சி காத்தாயிக்குப் பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு வெள்ளைச் சேலை வேண்டும். சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கோடித் துணியைக் கடையில் விரித்துப் பார்ப்பது அவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வழக்கமில்லை. பொட்டலமாகக் கட்டி வாங்கினால், தாலி அறுத்தவள் முன்னால் வைத்த பிறகுதான் பிரிப்பார்கள். பதுளை பசாரில் நாற்பது வருஷம் துணி கிழித்த மொஹிதீனுக்கு இது தெரியாததா? இடது பக்கம் கீழ்த்தட்டில் கையை விட்டார். மடித்திருந்த மேல்பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்தார், வழவழப்பு சரியாக இருந்தது. பேப்பரில் சுற்றி நூல் கட்டி நீட்டினார். தெமோதரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ராக்கப்பன் ஓட்டமாக ஓடினான்.

மொஹிதீனுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு வருஷமாகக் கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆட்களைக் குரலை வைத்து அடையாளம் கண்டார், துணியைத் தட்டை வைத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மறைக்காமல் முடியாது. மகன் புவாத் போன பெருநாளன்றே சொல்லிவிட்டான்: "வாப்பா, யாவாரத்துல இன்னொரு பெழ வந்தா நீங்க கொழும்புக்குப் போய் றஷீதா தாத்தாட ஊட்ல நில்லுங்க." புவாத் தாத்தா என்று சொல்வது அக்காவை; கொழும்பில் மூத்த மகள் றஷீதா வீட்டு மாடியில் ஓர் அறை. சோற்றுக்குக் குறைவிருக்காது, கட்டில் மெத்தை எல்லாம் உண்டு. ஆனால் யன்னலுக்குக் கீழே போகிற ஒருவரும் "நானா, சொகமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கமாட்டார்கள். பசாரில் அவரோடு வியாபாரம் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக இப்படித்தான் மகன்மாருடைய, மகள்மாருடைய பின்னறைகளுக்குப் போய் அமர்ந்திருந்தார்கள். டவுனில் கிழவர்களைக் காணவில்லை என்று யாரும் தேடுவதுமில்லை.

ராக்கப்பன் போய் ஒரு மணித்தியாலம் கழித்து யோகம்மா டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. பரிசளிப்பு விழாவுக்குக் கட்ட வெள்ளைச் சேலை கேட்டார். மொஹிதீன் அதே தட்டிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார்.

"என்ன முதலாளி, பகிடியே? வெள்ளை கேட்டனான், நீங்கள் கல்யாணச் சிவப்பையெல்லோ விரிக்கிறியள்."

மொஹிதீன் சிரித்து மழுப்பினார். ராக்கப்பனுக்கும் அதே தட்டிலிருந்துதான் கட்டிக் கொடுத்திருந்தார். போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது புவாத் புதுக் கண்ணாடி அலுமாரி போட்டிருந்தான். வெள்ளையெல்லாம் அதற்குள் போய், கூறைச் சேலைகள் இடது கீழ்த்தட்டுக்கு வந்திருந்தன. கண் தெரிகிற மனிதருக்கு இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

அடுத்த நான்கு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் கூடியிருக்கிற சபையில் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், பொட்டை அழித்த நெற்றியோடு இருக்கிற ஒருத்தியின் மடியில் கூறைச் சேலை விழுகிறது. தொழுகையில் நின்றாலும் அதுதான் வந்தது. கொழும்பு அறையை நினைத்துப் பயந்து, ஆள் அனுப்பிச் சேலையை மாற்றாமல் இருந்தது உண்மை. ஆனால் அதைவிட அந்தப் பெண்ணை நினைத்துத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் சனம் நெரிந்துகொண்டிருந்தபோது ராக்கப்பனின் குரல் கேட்டது. கூட ஒரு பெண். மொஹிதீன் தான் நாற்பது வருஷம் உட்கார்ந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, நான்தாங்க காத்தாயி. ஒங்களுக்குக் கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கணக்கு எழுதிக்கொண்டிருந்த புவாத் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"பொட்டலத்தப் பிரிச்சதும் எல்லாரும் வாயில கை வச்சிட்டாங்க. எங்கண்ணன் தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறாரு. எங்க பெரியாயி ஒருத்தருதான் எந்திரிச்சு, பொறந்த வீட்டுத் துணி சபையில வச்சா திரும்பிப் போகக் கூடாது, போத்துங்கடான்னாங்க. போத்திட்டாங்க. சபையில செவப்பு போத்துனவள இனி வெள்ளையக் கட்டுன்னு யாரும் சொல்ல முடியாதுங்க." அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. "எனக்கு முப்பத்தாறு வயசுங்க. நாளைக்கும் மலைக்குப் போவணும், கொழுந்து எடுக்கணும். அறுவது வயசுல தோட்டத்துல பேரு வெட்டி நிப்பாட்டுறவரைக்கும் வெள்ளையக் கட்டிக்கிட்டு அந்தக் கறையில எப்படிங்க? நானா அத நெனச்சுத்தான் தெரிஞ்சே குடுத்திருக்காருன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. நல்லா இருக்கணும் நீங்க."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முக்காலியும் மிஞ்சும், மகனுக்கு முன்னால் மரியாதையும் மிஞ்சும். மொஹிதீன் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தார். ஆனால் செய்யாத நன்மைக்கு வாங்குகிற கும்பிடு அவருக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மகள்," என்றார். "தெரிஞ்சு தரல்ல. எனக்குக் கண் தெரியிதில்ல. ரெண்டு வருஷமா தெரியிதில்ல. வெள்ளன்டு நெனச்சித்தான் கட்டினேன்."

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புவாத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்புகிற சத்தம் கேட்டது.

காத்தாயி ஓரடி கிட்ட வந்தாள். பிறகு, "கண்ணு தெரியாட்டி என்னங்க நானா? கண்ணு தெரிஞ்சவங்கெல்லாம் எனக்கு வெள்ளையத்தானே எடுத்து வச்சிருப்பாங்க," என்றாள்.

மொஹிதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அல்லாஹ் தன் கையைப் பிடித்து அந்தத் தட்டில் வைத்தான் என்றே அவர் நம்பினார். சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

"எந்தச் சேலைன்டே நான் காணல்லயே மகள்."

"அதத்தாங்க கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

முந்தானையை எடுத்து அவர் முகத்துக்குக் கிட்ட, வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். பனியாகத் தெரிந்ததற்குள் சிவப்பு ஊறி வந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். நல்ல சரக்கு. தலையை ஆட்டினார்.

அண்ணனும் தங்கையும் விடைபெற்று இறங்கினார்கள். மொஹிதீன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசாரும் பஸ்களும் மனிதர்களும் எல்லாம் சாம்பல் நிறத்தில் கலந்து கிடக்க, அந்தச் சிவப்பு மட்டும் தனியாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் புவாத் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. அவன் என்ன சொல்லப் போகிறானோ என்று அவர் திரும்பவில்லை. அவன் கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை; அவருடைய முழங்கையைப் பிடித்தான்.

"வாப்பா, தெரியிதா?"

"தெரியிது."

பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று, இரைந்துவிட்டுப் போனது.

"இப்ப?"

"இன்னம் தெரியிது மகன்," என்றார் மொஹிதீன். "தபால் கந்தோருக்கிட்ட திரும்புறா."