வயிற்றுப் பொடிக்குச் சாட்சி

வசந்தப் பண்டிகையன்று எகிப்தின் தந்தா நகரமே ஃபஸீக் தின்னும். உப்பில் ஊறி நாறிப்போன மீன்தான், ஆனால் அது இல்லாமல் பண்டிகை இல்லை. மறுநாள் அதே நகரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயூமி ஹாஜியாரின் மூலிகைக் கடை வாசலில் நிற்கும். சீரகம், சோம்பு, காய்ந்த புதினா இடித்த அவர் பொடிக்கு அன்றுதான் அறுவடை.

இந்த வருஷம் வாசலில் நாற்காலி போட்டு மனைவி இன்ஸாஃபை உட்கார வைத்திருந்தார். அவள் மடியில் ஒரு தட்டு, அதில் நேற்று மிஞ்சிய மீனும் பச்சை வெங்காயமும்.

"பாருங்க மக்களே! போன வருஷம் வயித்து வலியில சாகக் கிடந்தவ. இப்ப கல்லைத் தின்னாலும் செரிக்கும். சாப்புடு புள்ள!"

இன்ஸாஃப் தின்றாள். குளிர்காலத்திலிருந்தே அவளுக்கு வயிறு எரிகிறது. இப்போது உள்ளே ரத்தம் கசிவதுபோல் மலமும் கருப்பாகப் போகிறது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "வைத்தியன் பொண்டாட்டி டாக்டர் வாசல்ல நின்னா என் பொடியை நாய்கூட நக்காது" என்பார். நேற்றுதான் மனமிறங்கினார், படுபாவி. "நாளைக்கு ஒரு நாள் கடையில உக்காந்து குடு. மறுநாள் கூட்டிட்டுப் போறேன்." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக் கடை ஸனிய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, எனக்குக் கருப்பாப் போகுது. டாக்டர்கிட்டதான் கிளம்பினேன். அல்லா மேல ஆணையாச் சொல்லு, இந்தப் பொடியில உனக்கு நெசமாவே குணமாச்சா?"

கூட்டம் கழுத்தை நீட்டியது. ஹாஜியார் தராசைப் பிடித்தபடி மனைவியையே பார்த்தார். நாளைக்கு ஆஸ்பத்திரி, நாளைக்கு ஆஸ்பத்திரி என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"அல்லா மேல ஆணையா குணமாச்சு ஸனிய்யா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஸனிய்யா இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் முண்டியடித்தார்கள். சாயங்காலத்துக்குள் டப்பா காலி.

கடையைச் சாத்தும்போது இன்ஸாஃப் கேட்டாள்: "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணுங்க?"

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணை வெச்சு குணமாச்சுன்னு ஊர் கேக்கச் சொன்னியேடி! இனி அங்க உன்னைப் பாத்தா காறித் துப்ப மாட்டாங்களா? உன் மானத்தை நான் காப்பாத்த வேணாமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வாயைப் பிளந்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவள் வயிற்றை அழுத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் டப்பாவின் அடியைத் தட்டி, ஒட்டியிருந்ததைக் கரண்டியில் வழித்தார்.

"வாயைத் திற புள்ள. கடைசிக் கரண்டி உனக்குத்தான்."

இன்ஸாஃப் வாயைத் திறந்தாள்.